தனியாகப் புகைப்படத் தொழில் தொடங்க வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு ஸ்டுடியோவுக்காகத் திருமணப் படங்கள் எடுத்துவந்த நான், வரும் தை மாதம் முதல் தனியாகத் தொழில் செய்ய முடிவெடுத்துள்ளேன். ஹோமப் புகைக்கும் வீடியோ விளக்கின் வெளிச்சத்துக்கும் நடுவே தாலி முடிச்சைத் தெளிவாகப் படம்பிடிக்கும் நம்பிக்கை எனக்கு இருக்கிறது. விலை பேசுவதில்தான் தடுமாறுகிறேன். ஆல்பம், எடிட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வதா, தனித்தனியாகவா? முன்பணம் எவ்வளவு கேட்பது முறை?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர் என்பதால், அப்படங்களை மாதிரியாகக் காட்டும் அனுமதியை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுகிறீர்கள்? (மணமக்கள் விரும்பாத எந்தப் படத்தையும் வெளியிட மாட்டேன்.) நீங்கள் பயன்படுத்தும் ஒப்பந்தப் படிவத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.