மூச்சைக் கவனிச்சா நெஞ்சு இறுகுது, எழுந்தா கோபம் அப்படியே இருக்கு: தியானத்துல எங்க தப்பு?

முல்லைக்கொடி (கேள்வி)

வணக்கம். தினமும் காலையில 20 நிமிஷம் மூச்சைக் கவனிச்சு உட்காருறேன். ரெண்டு சிக்கல். கவனிக்க ஆரம்பிச்சதும் மூச்சு இயல்பா போறதில்ல, நானே இழுத்து விடுற மாதிரி ஆகி நெஞ்சு இறுகுது. சில நேரம் விரல் நுனி மதமதங்குது. அடுத்தது, உட்கார்ந்திருக்கும்போது மனசு அமைதிதான். ஆனா வீட்டுல யாராவது ஒரு வார்த்தை சொன்னா கோபம் பழையபடி பொங்குது. நேரத்தைக் கூட்டணுமா, முறையை மாத்தணுமா?

தென்றல்72

கூட்டாதீங்க, 10 நிமிஷமாக் குறைங்க.

மூச்சு தானாவும் நடக்கும், நாம நினைச்சா மாத்தவும் முடியும். அதனாலதான் கவனம் அங்க போனதும் நம்மளை அறியாம அதுல கை வைக்கிறோம். ஆழமா, வேகமா இழுத்தா ரத்தத்துல கரியமில வாயு குறையும். விரல் மதமதப்பும் தலை லேசாகிறதும் பெரும்பாலும் அதனாலதான். அதைத் தியானம் கைகூடுற அறிகுறின்னு சிலர் நினைச்சுக்கிறாங்க. இல்ல. (தியானம் செய்யாத நேரத்துலயும் நெஞ்சு இறுகினா டாக்டரைப் பாருங்க, இங்க கேட்காதீங்க.)

உள்மூச்சை மறந்துடுங்க, வெளிமூச்சை மட்டும் பாருங்க. அது முடியுற இடத்துல சின்ன இடைவெளி இருக்கும். அங்க ஒண்ணும் செய்யாம இருங்க, அடுத்த மூச்சு தானா வரும். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒண்ணுன்னு 10 வரை எண்ணுங்க. விட்டுப்போனாலும், 17, 18னு ஓடிப்போயிருந்தாலும், திரும்ப 1. கவனம் சிதறினதைக் கண்டுபிடிக்கிற அந்த நொடிதான் பயிற்சியே. சிதறவே கூடாதுன்னு பல்லைக் கடிச்சு உட்கார்ந்தா நெஞ்சு இறுகத்தான் செய்யும்.

அப்பவும் சரிவரலைன்னா இடத்தை மாத்துங்க. கோயங்கா ஆரம்பிச்ச 10 நாள் விபாசனா தியான வகுப்புகள்ல முதல் மூணு நாள் மூக்கு நுனிப் பகுதிதான். பர்மாவின் மகாசி சயாடோங்கிற புத்தத் துறவியோட முறையில வயிறு எழும்புறதையும் தாழுறதையும் பார்க்கச் சொல்வாங்க. உங்களுக்கு வயிறுதான் தோதுன்னு படுது. உள்ளங்கால் தரையில படுற உணர்வு, ஃபேன் சத்தம், இதுல எதையாவது பிடிச்சுக்கிட்டாலும் சரிதான்.

உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிட உயரமா இருக்கணும். போர்வையை மடிச்சு 4 விரக்கடை உயரத்துக்கு அடியில வைங்க. கூன் போட்டா வயிறு அமுங்கி மூச்சு மேல் நெஞ்சுக்கே ஏறிடும். நாற்காலியும் தாராளமாப் போதும்.

அகல்

கோபத்துக்கு வர்றேன். காலையில உட்கார்ந்தா சாயங்காலம் கோபம் வராதுன்னு யாரோ சொல்லிட்டாங்க போல. கோபம் வரும். வருதுன்னு கொஞ்சம் முன்னாடியே தெரியும், அவ்வளவுதான். அந்த நாலைஞ்சு நொடிக்குத்தான் இத்தனை பாடும்.

கோபம் வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி உடம்புக்கு வந்துடும். தாடை இறுகும், காது சூடாகும், மூச்சு மேல ஏறும். உங்களுக்கு எது முதல்லன்னு ஒரு வாரம் கவனிங்க. சின்ன எரிச்சல்லயே ஆரம்பிங்க: சிலிண்டர்காரர் சொன்ன நேரத்துக்கு வரல, குக்கர் விசிலுக்கு நடுவுல போன் அடிக்குது, அந்த அளவு. அடையாளம் தெரிஞ்சதும் மனசுக்குள்ள ஒரே சொல்: “கோபம்” இல்லன்னா “எரிச்சல்”. “ஏன் இப்படி இருக்கேன்”னு போகக்கூடாது, அது கவனிப்பு இல்ல, வசவு. உணர்ச்சிக்குப் பேர் வைக்கும்போது மூளையில பயம், கோபம் மாதிரி உணர்ச்சிகளோட சம்பந்தப்பட்ட அமிக்டலாங்கிற பகுதியோட வேகம் தணியுதுன்னு 2007ல ஸ்கேன் ஆய்வே வந்திருக்கு.

பேர் வெச்சுட்டு, ஒரு வெளிமூச்சு முடியுற வரைக்கும் பதில் சொல்லாதீங்க. அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க. இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க: கோபத்தை முழுங்கிட்டு “நான் தியானம் பண்றவ”ன்னு சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க, ராத்திரி தூக்கம் வராது. வீட்டு வேலை மொத்தமும் ஒருத்தர் தலையிலன்னா அதைப் பேசித்தான் தீர்க்கணும், மூச்சு தீர்க்காது.

முல்லைக்கொடி

ரொம்ப நன்றி. வயித்தை வெச்சே ஆரம்பிக்கிறேன். 10 நாள் வகுப்புக்கு நேரா போயிடலாமா? மனப்பதற்றத்துக்கு மாத்திரை எடுத்துக்கிட்டிருக்கேன்.

மறைமலை

இப்போதைக்கு வேண்டாம். பத்தாம் நாள் காலை வரை மௌனம், ஒரு நாளில் பத்து மணி நேரம் அளவுக்கு அமர்வு. பதற்றம் உள்ளவருக்கு அது எடுத்த எடுப்பில் பளுவாகும். பிறகு போக விரும்பினாலும் விண்ணப்பத்தில் மாத்திரை விவரத்தை மறைக்காதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்துவது 1979இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சி முறை: வாரம் ஒரு வகுப்பு, மற்ற நாளில் வீட்டுப் பயிற்சி. 2014இல் தியானப் பயிற்சிகள் பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சியைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை. இதற்கு மேல் வாக்குறுதி தருபவர் கல்லாப்பெட்டியைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பதற்றம் கூடும் நாளில் கண்ணை மூட வேண்டாம், நடங்கள். மொட்டை மாடியில் 15 அடி தூரம் போதும். குதிகால் எழுவது, பாதம் நகர்வது, தரையில் படிவது, இந்த மூன்றும் தெரியும் அளவுக்கு மெதுவாக. கோடியில் நின்று ஒரு மூச்சு விட்டுத் திரும்புங்கள். அப்படியும் அடங்காவிட்டால் 14416க்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.