வருமானச் சான்று, பென்ஷன், உரிமைத்தொகை, வரி: எல்லையோரக்காரர்கள் பட்ட அனுபவம்

கொழிஞ்சாம்பாறைக்காரன்

கேரள அரசு அம்மாவுக்குத் தரும் க்ஷேம பென்ஷன், அதாவது நல ஓய்வூதியத்தின் கதை. அப்போது மாதம் 1600 ரூபாய். குடும்ப வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது, உங்களுக்கே தெரியும். சான்று புதிதாகக் கேட்டார்கள் என்று வில்லேஜ் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தனி ரேஷன் கார்டு. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடுதான் இருக்கிறான்.

ஆபீசர் நல்ல மனிதர். பாரத்தைப் புரட்டிக்கொண்டே "எளய மகனு எந்தா ஜோலி?" என்று சும்மா கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "கோயமுத்தூர்ல மோட்டார் கம்பெனி சார், பிடித்தம் போக இருபத்திரண்டாயிரம் கையில வருது" என்றாள். உண்மையில் அவன் வாங்குவது பதினெட்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லாம் இருபத்திரண்டு என்றே சொல்லிப் பழகிய வாய், இங்கேயும் அதையே சொல்லிவிட்டது. அவர் ஓரத்தில் 22,000 × 12 என்று போட்டு 2,64,000 என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார். எனக்கு அந்த இரண்டு கோடுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளியே வந்ததும் அம்மா கேட்கிறாள், "ஏண்டா, நல்லாத்தானே சொன்னேன்?"

நகரி தறிவீடு

உங்களுக்குப் பேனா பிடித்த மனுஷராவது எதிரில் இருந்தார். எங்கள் ஆந்திரா பக்கம் எல்லாம் கம்ப்யூட்டர். நிலம், கார், வரி, கரண்ட் என்று வரிசையாகத் தட்டிப் பார்க்கும். ஒன்று இடித்தாலும் பென்ஷன் போச்சு.

அப்பா பேரில் வீட்டு மீட்டர் மூன்று. இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டது. மூன்றும் அவர் ஆதாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடியிருப்பவர்கள் ஃபேன் போட்டதும் கிரைண்டர் போட்டதும் சேர்ந்து மாதம் 300 யூனிட்டைத் தாண்டிவிட்டது, பென்ஷன் நின்றது. ஆட்சி மாறியதும் தானாக வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 ஞாபகம் இருக்கிறதா? பென்ஷனை 4000 ஆக்கி, ஏப்ரலிலிருந்து பாக்கியும் சேர்த்து 7000 ரூபாயாக வீடு வீடாகக் கொடுத்தார்களே, அன்றைக்கு. அப்பா காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ரேகை விழ வேண்டுமே என்று கட்டை விரலை எண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். தறி ஓட்டிய கை, ரேகை லேசில் விழாது. சச்சிவாலயம் என்கிற உள்ளூர் அரசு அலுவலகத்துப் பெண் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு "தாத்தா, மீ பேரு லேது" என்றாள். அவர் விரலை நீட்டியபடியே இருந்தார்.

அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. மீட்டரைப் பெயர் மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வாளையார்வாசி (ஓய்வு)

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, பதினெட்டு என்று சொல்லியிருந்தாலும் வருஷத்துக்கு 2,16,000 ஆகிறது. ஒரு லட்சத்தை அப்போதும் தாண்டுகிறது. அம்மாவின் வாயை நொந்து பிரயோசனம் இல்லை.

என் கதை சின்னது. ஆதாரில் கேரள வழக்கப்படி வீட்டுப்பேரும் சேர்ந்து நீளமான பெயர். பான் கார்டு தமிழ்நாட்டில் வேலை பார்த்தபோது எடுத்தது, அதில் அப்பா இனிஷியல் மட்டும். இரண்டும் இணையவில்லை, 2023 ஜூலையிலிருந்து பான் செயலிழந்தது. எனக்கு அது தெரியாது. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் கொடுத்த 15எச் படிவமும் செல்லவில்லை. டெபாசிட் வட்டியில் நூற்றுக்கு இருபது பிடித்துக்கொண்டார்கள். ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டி இணைத்தேன்.

இப்போது எல்லோரும் கவனிக்க வேண்டியவை. வரி கட்டுவது வேறு, ரிட்டர்ன் போடுவது வேறு. புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி பூஜ்யம், சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 கூட. ஆனால் அந்தக் கணக்கைக் கொண்டுபோய்த் தாசில்தாரிடம் காட்ட முடியாது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, வருமானச் சான்றில் மட்டும் அது ஏறும். பிள்ளைகளுக்குச் சான்று வாங்குகிறவர்கள் இதையும் கேளுங்கள்: ஓபிசி கிரீமிலேயர், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களா என்று பார்க்கும்போது மத்திய அரசு விதிப்படி பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் வருஷ வரம்பான 8 லட்சத்தில் சேர்ப்பதில்லை. அதே 8 லட்சம்தான் பொதுப்பிரிவின் ஏழைகளுக்கான இடஒதுக்கீட்டுக்கும், ஆனால் அங்கே சம்பளம், விவசாயம், வியாபாரம் எல்லாம் சேரும். எட்டு எட்டுதானே என்று ஒரே தாளில் இரண்டுக்கும் எழுதிக் கொடுத்து மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.எம். கிசான் 6000 வாங்குகிறவர்கள் வீட்டில் கணவனோ மனைவியோ போன வருஷம் வரி கட்டியிருந்தால் தகுதி போய்விடும், வாங்கியதையும் திரும்பக் கேட்பார்கள். ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை வருமான வரித் தளத்தில் உங்கள் ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். உங்களைப் பற்றி அரசாங்கத்துக்கு என்ன தெரியும் என்பது அதில் இருக்கிறது. அப்புறம் நகரிக்காரருக்கு ஒன்று, வாடகையையும் வருமானத்தில் காட்ட வேண்டும்.

நகரி தறிவீடு

ஐயா, இரண்டு போர்ஷனும் சேர்ந்து வாடகை மூவாயிரம். அப்பா விரலைப் பற்றிச் சொன்னேன், நீங்கள் வாடகைக்கு வந்துவிட்டீர்கள்.

புளியரை செல்வி

என் கதையையும் கேளுங்க. மகளிர் உரிமைத்தொகைக்கு மனு போட்டேன். வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழேதான், நிலம் கிடையாது, கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட் பக்கம்கூடப் போகாது. தள்ளுபடி என்று மெசேஜ். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போடலாம் என்றார்கள், போட்டேன். விசாரணையில் அந்த மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் பேர்ல கார் ஓடுதேம்மா" என்றாங்க.

எங்களிடம் ஒரு பழைய டிஎன் 76 கார் இருந்தது உண்மை. ஆரியங்காவு பக்கம் ஒருத்தருக்கு விற்று வருஷக்கணக்காச்சு. ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கினதோடு சரி, ஆர்சி மாற்றவே இல்லை. நான் "அது எங்களுது இல்ல மேடம்" என்றால், "அப்ப யாருது?" என்கிறாங்க. புனலூர்ல ஒருத்தர் பிள்ளைகளை ஸ்கூல்ல விடுற கார் அது. அவர் ஓட்டுற காருக்கு இங்கே என் ஆயிரம் ரூபாய் போகுது. சரி, இதில் மேடத்தைத் திட்டி என்ன செய்ய?

வாளையார் அண்ணாச்சி சொன்னதில் பாதி எனக்குப் புரியலை. பன்னிரண்டு லட்சம் சம்பாதிக்கிறவருக்கு வரி இல்லை, என்னிடம் இல்லாத காரால் எனக்குப் பணம் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியுது.

தேவிகுளம் லயம்

எட்டு லட்சம், பன்னிரண்டு லட்சம் என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். இங்கே எஸ்டேட்டில் புருஷன் பெண்சாதி இருவரும் கொழுந்து எடுத்தாலும் அந்த நம்பர் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம்.

மகள் மூணாறில் அரசுப் பள்ளியில், தமிழ் மீடியத்தில் பன்னிரண்டு வரை படித்தாள். கல்லூரி தேனியில். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிறது என்று இவளும் டிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆபீஸில் வாங்கியவர் மேலே இருந்த ரெண்டு யானை முத்திரையைப் பார்த்தார், திருப்பினார், மறுபடி பார்த்தார். "கேரளா ஸ்கூலாம்மா?" இவள், "தமிழ்லதான் சார் படிச்சேன், அரசுப் பள்ளிதான் சார்" என்றிருக்கிறாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியாக இருக்க வேண்டும், விதி அப்படி. போனில் இதைச் சொல்லிவிட்டு, "அப்பா, நம்ம ரெண்டு பக்கமும் இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை, "சாப்பிட்டியா" என்றேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

வாளையார் சார், கணக்கு எனக்கும் தெரியும். அது அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் எழுதினேன். தம்பியைத் தனிக் கார்டு எடுக்கச் சொல்லிச் சிலர் யோசனை சொல்கிறார்கள். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவனை எப்படி வேறு வீடு என்று எழுதுவது? அவனுக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம். பென்ஷன் இப்போது 2000 ஆகிவிட்டது, அம்மா அதையும் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

வாளையார்வாசி (ஓய்வு)

கோபிக்க வேண்டாம். புளியரை அம்மா, காரைப் பழைய ஆளின் தலையிலேயே விட்டுவைக்காதீர்கள். நாளைக்கு அது எங்காவது இடித்தால் கேஸும் உங்கள் வீட்டுக்காரர் பேரில்தான் வரும். வேறு மாநிலத்துக்குப் போன வண்டி, ஆகவே தென்காசி ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று எடுங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களுக்கு விற்றவர், வாங்கியவர் கையெழுத்து வேண்டும்.

புளியரை செல்வி

வாங்கினவர் போனை எடுத்தால்தானே அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் என் தம்பியும் பஸ் ஏறி நேராகவே போறாங்க. ஆரியங்காவு, புனலூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்க, வெள்ளைக் கலர், பின் கண்ணாடியில் எங்க பெரியவன் ஒட்டின ஸ்டிக்கர் இன்னும் இருக்குதாம்.