என்ஜின்எக்ஸ் லோட் பேலன்ஸர்: பின்சர்வர்களோட சான்றிதழைச் சரிபார்க்கச் சொன்னா எல்லாப் பக்கமும் 502

கேள்வி

வணக்கம். முன்னாடி லோட் பேலன்ஸரா (வர்ற கோரிக்கைகளைப் பல சர்வருக்குப் பிரிச்சுக் கொடுக்கிறது) ஒரு என்ஜின்எக்ஸ், பின்னாடி மூணு வெப் சர்வர். வெளியிலிருந்து வர்ற ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு என்ஜின்எக்ஸோட முடியுது. அங்கிருந்து பின்சர்வர்களுக்கு 443 போர்ட்ல மறுபடியும் ஹெச்டிடிபிஎஸ். மூணுக்கும் எங்க உள் சிஏ (சான்றிதழ் வழங்குற அமைப்பு) கொடுத்த சான்றிதழ், மூணுலயும் ஒரே பெயர்: ஆப்.இன்டர்னல்.

பின்சர்வரோட சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்ற ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_வெரிஃபை டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும்னு போன வாரம்தான் படிச்சேன். இத்தனை நாளும் எதிர்ல இருக்கிறவன் எந்தச் சான்றிதழ் காட்டினாலும் என்ஜின்எக்ஸ் ஏத்துக்கிட்டிருந்திருக்கு! உடனே ஆன் பண்ணி, ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ட்ரஸ்டட்_சர்டிஃபிகேட்ல எங்க சிஏவோட ரூட் (மூல) சான்றிதழைக் கொடுத்தேன். ரீலோட் பண்ணதும் எல்லாப் பக்கமும் 502 (பின்சர்வர்கிட்டருந்து சரியான பதில் வரலைங்கிற பிழை). எரர் லாக்ல திரும்பத் திரும்ப வர்றது, பின்சர்வரோட சான்றிதழ் "வெப்_பூல்" என்ற பெயரோடு பொருந்தலைங்கிற வரி. வெப்_பூல்ங்கிறது அப்ஸ்ட்ரீம் பிளாக்குக்கு (பின்சர்வர்களைப் பட்டியலிடுற பகுதி) நான் வெச்ச பெயர். அது ஏன் இங்க வருது? ஹோஸ்ட் ஹெடர்ல (எந்தத் தளம் வேணும்னு கோரிக்கையில சொல்ற வரி) ஆப்.இன்டர்னல்னுதான் அனுப்புறேன். ப்ரௌசர்ல ஒவ்வொரு சர்வரா திறந்தாலும் எச்சரிக்கை எதுவும் இல்லை.

பதில் 1

உள் நெட்வொர்க்தானே? வெரிஃபையை ஆஃப் பண்ணிடுங்க. என்க்ரிப்ஷன் எப்படியும் இருக்கும்.

பதில் 2

தயவுசெஞ்சு ஆஃப் பண்ணாதீங்க. யார்கிட்ட பேசுறோம்னு தெரியாம என்க்ரிப்ட் பண்றது, முகவரி பார்க்காம கவரை ஒட்டி அனுப்புற மாதிரி. உள் நெட்வொர்க்ல ஒரே ஒரு மெஷின் கைமாறினாலும் அது நடுவுல உட்கார்ந்து தன் சான்றிதழைக் காட்டி எல்லாத்தையும் படிக்கலாம். நீங்க ஆன் பண்ணது சரியான முடிவு.

இப்போ லாக்குக்கு வருவோம். ஹோஸ்ட் ஹெடர் ஹெச்டிடிபியைச் சேர்ந்தது. டிஎல்எஸ் (ஹெச்டிடிபிஎஸ்ஸோட என்க்ரிப்ஷன் அடுக்கு) கைகுலுக்கல், அதாவது சான்றிதழ் காட்டி இணைப்பைத் தொடங்குற கட்டம், முடிஞ்ச பிறகுதான் அது போகும். சான்றிதழ்ல எந்தப் பெயரைத் தேடணும்ங்கிறதை ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_நேம் சொல்லுது. அதை எழுதாம விட்டா, கோரிக்கையை எங்க அனுப்பணும்னு சொல்ற ப்ராக்ஸி_பாஸ் வரியில இருக்கிற ஹோஸ்ட் பெயரையே என்ஜின்எக்ஸ் எடுத்துக்கும். உங்க வரியில அந்த இடத்துல இருக்கிறது அப்ஸ்ட்ரீமோட பெயர், அதான் வெப்_பூல். ரெண்டு வரி சேருங்க: ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_நேம் ஆப்.இன்டர்னல், ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_சர்வர்_நேம் ஆன். ரெண்டாவது வரி அந்தப் பெயரை எஸ்என்ஐயா (எந்தத் தளத்தோட சான்றிதழ் வேணும்னு சொல்ற பெயர்) கைகுலுக்கலிலேயே அனுப்பும். இதுவும் டீஃபால்ட்டா ஆஃப்தான். ஒரே ஐபியில பல தளம் இருக்கிற சர்வர், எஸ்என்ஐ வராட்டி தன் டீஃபால்ட் சான்றிதழைத்தான் நீட்டும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா, தளம் வந்துடுச்சு. ஆனா லாக் இன்னும் சுத்தமாகலை. ரெண்டாவது சர்வருக்கு மட்டும் 20ங்கிற எண்ணோட ஒரு வெரிஃபை பிழை: வழங்கினவரோட சான்றிதழ் கிடைக்கலையாம். பயனர்கள் யாரும் பிழை எதுவும் பார்க்கலை.

பதில் 2

ஒரு சர்வர்ல கைகுலுக்கல் தோத்தா என்ஜின்எக்ஸ் அடுத்த சர்வருக்குப் போயிடும். டீஃபால்ட்டா ஒரு தோல்விக்கே அந்த சர்வரை 10 விநாடி ஒதுக்கியும் வைக்கும். அதனாலதான் வெளியில தெரியலை. மூணு பேர் சுமக்க வேண்டியதை இப்போ ரெண்டு பேர் சுமக்கிறாங்க. அதுல ஒண்ணு விழுந்தா கஷ்டம், இன்னைக்கே பாருங்க.

ரெண்டாவது சர்வர் இடைச்சான்றிதழை (சர்வர் சான்றிதழை ரூட்டோட இணைக்கிறது) அனுப்பலைன்னு நினைக்கிறேன். லோட் பேலன்ஸர் மெஷின்லருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் கட்டளையை அந்த ஐபிக்கு, சர்வர்நேம், ஷோசர்ட்ஸ் ரெண்டும் கொடுத்து ஓட்டுங்க. நல்ல சர்வர்ல சங்கிலியில 0, 1னு ரெண்டு சான்றிதழ் வரும். இதுல 0 மட்டும் வந்தா அதுதான் காரணம். ப்ரௌசரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. சில ப்ரௌசர்கள் வேற சர்வர்ல பார்த்த இடைச்சான்றிதழை ஞாபகம் வெச்சுக்கிட்டு ஓட்டையை அடைச்சிடும்.

பதில் 3

கூடவே ஒண்ணு. ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_வெரிஃபை_டெப்த் டீஃபால்ட்டா 1. உங்க சிஏவுல இடைச்சான்றிதழ் ரெண்டு அடுக்கா இருந்தா அதை 2 ஆக்கணும்.

கேட்டவர்

0 மட்டும்தான் வந்துச்சு! போன தடவை சான்றிதழைப் புதுப்பிச்சப்போ அந்த சர்வர்ல மட்டும் தனிச் சான்றிதழைப் போட்டிருக்கோம். ஃபைல்ல முதல்ல சர்வர் சான்றிதழ், அதுக்குக் கீழே இடைச்சான்றிதழ்னு சேர்த்து ரீலோட் பண்ணேன். எங்களுக்கு இடையில ஒரே அடுக்குதான், டெப்த்தைத் தொடலை. மூணுக்கும் டிராஃபிக் சமமா போகுது.

சரிபார்ப்பு நிஜமாவே தடுக்குதான்னு தெரியணுமே. டெஸ்ட் அமைப்புல ஒரு பின்சர்வருக்கு, தானே கையெழுத்திட்ட சான்றிதழைப் போட்டுப் பார்த்தேன். 18ங்கிற எண்ணோட மறுத்துடுச்சு. வெரிஃபையை ஆஃப் பண்ணா அதே சான்றிதழோட பக்கம் அழகா திறக்குது. இத்தனை நாளா அப்படித்தான் ஓடியிருக்கு.