மூர் மார்க்கெட் இன்னும் இருக்கிறதா?

காசிமேட்டுக்காரி:

வெளிநாட்டில் இதழியல் முதுகலை படிக்கப் போகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால் என் கதையையும் போட்டு வைக்கிறேன். ஊர் கார்டிஃப், வேல்ஸ். 2024 செப்டம்பரில் போனேன். ஒரு வருடப் படிப்பு.

முதல் கண்டம் விசாவுக்குக் காட்டும் பணம். கல்விக் கட்டண பாக்கியும் தங்கும் செலவும் சேர்ந்த தொகை வங்கியில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் கிடக்க வேண்டும். அப்பா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். எங்கள் வீட்டில் பணம் 28 மணி நேரம் தங்கினாலே அதிசயம். காலையில் வந்தது சாயங்காலம் யாருடைய படகுக்காவது டீசலாகிவிடும். கடைசியில் கை கொடுத்தது தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, முன்பணம் கேட்டு யாரும் வாசலில் நிற்கமாட்டார்கள். சீட்டு எடுத்த காசு, சித்தப்பா கொடுத்தது என்று எல்லாவற்றையும் அந்த இடைவெளியில் போட்டு வைத்தோம். இது போக மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புக்குப் பதினாறு மாத விசா தருவதால், அதை ஒன்றரை வருடக் கணக்கில் வாங்கிவிடுவார்கள். அதையும் சேர்த்தே எண்ணி வையுங்கள்.

படிப்பில் என்னைப் படுத்தியது சுருக்கெழுத்து. அங்கே சொல்லித் தருவது டீலைன் என்கிற முறை. இலக்கு நிமிடத்துக்கு 100 வார்த்தை. நான் நாற்பதிலேயே நின்றேன். எங்கள் அத்தை தண்டையார்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிட்மன் சுருக்கெழுத்து முடித்தவர். தினமும் இங்கே ராத்திரி பத்தரைக்கு வாட்ஸப்பில் வந்து, கையில் கடிகாரத்தோடு ஆங்கிலப் பேப்பரை எனக்கு வாசிப்பார். என் நோட்டைக் காட்டச் சொன்னார். “எங்களுக்குக் கோடு தடித்தால் ஒரு எழுத்து, மெலிந்தால் வேறு எழுத்து. இது என்னடி, கோழி கிளறின மாதிரி இருக்கு!” ஆனாலும் விடவில்லை. மார்ச்சில் நூறைத் தொட்டேன். வேல்ஸ்காரர்கள் பேச்சு அத்தையின் வாசிப்பை விட வேகம் என்பது தனிக் கதை.

இனி சொல்ல வந்த விஷயம். ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்து, அங்கேயே சுற்றிச் செய்தி எடுக்கச் சொல்வார்கள். எனக்கு வந்தது பியூட்டவுன். பழைய துறைமுகப் பகுதி, அந்தக் காலத்தில் டைகர் பே என்று பெயர். முதல் உலகப் போருக்கு முன் உலகத்துக்கே நிலக்கரி ஏற்றிய துறைமுகம். சோமாலி, யேமன் மாலுமிகள் நூறு வருடத்துக்கு முன்பே வந்து குடியேறிய இடம். நான் முதல் வாரம் முழுக்க ஒரு கதவையும் தட்டவில்லை, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தேன். காசிமேட்டில் வாய் ஓயாத ஆள்தான் நான், அங்கே தொண்டை அடைத்துக்கொண்டது.

இரண்டாவது வாரம் ஒரு சோமாலி பெரியவர், எண்பதைத் தொட்டவர், அவரே கதவைத் திறந்து “யாருக்காகக் காத்திருக்கிறாய்?” என்று கேட்டார். எந்த ஊர் என்றார். சென்னை என்றேன், முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மெட்ராஸ் என்றதும் சிரித்துவிட்டார். அறுபதுகளில் சரக்குக் கப்பலில் வந்திருக்கிறார். “மூர் மார்க்கெட் இன்னும் இருக்கிறதா?” அங்கே ஒரு பச்சைக்கிளி வாங்கிக் கப்பலில் ஒளித்து வைத்திருந்தாராம், ஏடன் வருவதற்குள் செத்துவிட்டதாம். 1985இல் மார்க்கெட் எரிந்துபோனதை நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டீ போட எழுந்தார்.

பேச்சு நிலக்கரிக்குப் போனது. 2011இல் உயர் நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை நிறுத்தச் சொல்லும் வரை எங்கள் பக்கம் துணி காயப் போட்டால் கரித்தூள் படியும் என்றேன். அவர் கட்டை விரலை ஜன்னல் விளிம்பில் தேய்த்து எனக்குக் காட்டினார், இப்போது சுத்தமாகத்தான் இருந்தது. மாமியார் சாகும் வரை தினமும் அப்படித் தேய்த்துப் பார்ப்பாராம். என் கட்டுரை அந்த விரலில்தான் ஆரம்பித்தது.

ஒரு சின்ன இணையதளம் அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றது. அப்போதுதான் இடி. பிரிட்டன் மாணவர் விசாவில் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், ஆனால் சுயதொழில் கூடாது. ஃப்ரீலான்ஸ் எழுத்து சுயதொழில்தான். மீன் வறுக்கும் கடையில் நான் காட் மீன் வெட்டிக் காசு வாங்கலாம், படிக்க வந்த தொழிலில் ஒரு கட்டுரை விற்க முடியாது! கல்லூரித் தளத்தில் சும்மா போட்டோம். இதை ஏஜென்ட் யாரும் சொல்லமாட்டார்கள்.

வியாசர்பாடி தம்பி:

அக்கா, நான் அமெரிக்கா. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதி, ஓபிடி என்பார்கள், ஒரு வருடம்தான். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தரும் ஸ்டெம் நீட்டிப்பு இதழியலுக்குப் பொதுவாகக் கிடையாது. அதிலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கக் கூடாது. நான் 71ஆம் நாளில் வேலை கிடைத்துத் தப்பித்தேன். நகர மன்றக் கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போனேன். யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். ஒரு அம்மா பாட்டிலில் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜை மேல் டொக்கென்று வைத்தார். எனக்கு எங்கள் தெருவுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. படிப்பு முடித்தும் அங்கே இருக்கலாமா அக்கா? அந்தப் பெரியவர் என்ன ஆனார்?

காசிமேட்டுக்காரி:

தம்பி, கிராஜுவேட் விசா இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான், கணக்குப் போட்டுப் போகச் சொல்லுங்கள். நான் அப்பாவின் கால் ஆபரேஷனுக்காகத் திரும்பிவிட்டேன்.

பெரியவர் நன்றாக இருக்கிறார். வந்ததும் சென்ட்ரலில் புறநகர் ரயில் நிற்கும் பக்கம் போனேன், மார்க்கெட் இருந்த இடம் அதுதானே. ரயில்வேக்காரர்கள் அதை இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். பெயர்ப் பலகையைப் படம் பிடித்து அவர் மகளுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “அப்பா கேட்கிறார், கிளி விற்ற பக்கம் எது?”