ஐங்கோணி ஏன் தளத்தை நிரப்புவதில்லை?

கேள்வி (கிளிநொச்சி):
மகளுக்குத் தெசலாக்கம் (வடிவங்களால் தளத்தை இடைவெளியின்றி நிரப்புதல்) சொல்லிக்கொடுப்பதற்காக ஒழுங்கான, அதாவது பக்கங்களும் கோணங்களும் சமமான, ஐங்கோணிகளை அட்டையில் வெட்டி அடுக்கினேன், இடைவெளி விழுகிறது. வெட்டியதில் பிழையா?

பதில் (மாங்குளம்):
பிழை உங்களுடையதன்று. ஓர் உச்சியில் கூடும் கோணங்கள் 360 பாகையாக வேண்டும்; ஐங்கோணியின் அகக்கோணம் 108 பாகை என்பதால், மூன்று சேர்ந்தாலும் 36 பாகை எஞ்சும். ஒழுங்கான பல்கோணிகளில் முக்கோணி, சதுரம், அறுகோணி ஆகிய மூன்றே தனித்து நிரப்பும். எங்கள் காட்டுத் தேன்வதையை அவளுக்குக் காட்டுங்கள், அறுகோணி உடனே விளங்கும்.

பதில் (முல்லைத்தீவு):
ஒழுங்கற்ற ஐங்கோணிகளைக் கைவிட வேண்டாம், ஐயா. வீட்டு முகப்பைப் போன்ற ஐங்கோணிகளை வரிசையாக வைத்து, அடுத்த வரிசையைத் தலைகீழாகப் பொருத்தினால் இடைவெளியே இராது. ஓவியர் எஷர், ஸ்பெயினின் அல்ஹம்பிரா மாளிகையை 1922இலும் 1936இலும் பார்த்து, அதன் ஓட்டுக் கோலங்களில் மனம் பறிகொடுத்தே பறவையையும் மீனையும் இவ்வாறு பின்னினார்.

கேட்டவர்:
நன்றி. இன்றிரவே வீட்டு வடிவத்தை வெட்டுகிறோம்.