டிசம்பர் 24 அன்று போய்ச் சேர்ந்தால் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்க முடியுமா?

வினவியவர் (கோவை)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் 9 வயது மகளையும் 4 வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஆண்டு இறுதியில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கும் சென்றுவரத் திட்டமிட்டுள்ளோம். மகளின் அரையாண்டுத் தேர்வு 23 அன்றுதான் முடிகிறது. அன்றிரவே புறப்பட்டு 24 நண்பகலில் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, மறுநாள் நூரன்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை, பிறகு மியூனிக், சால்ஸ்பர்க், கடைசியாகச் சூரிச் என்று ஒன்பது நாட்களுக்கு ஒரு வரைவு வைத்திருக்கிறேன். விசாவுக்கு ஜெர்மனியிடம் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். இந்த வரிசை சரிதானா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வியன்னாவாசி

நீங்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் குறையில்லை, தேதிகள்தான் இடிக்கின்றன. ஜெர்மனியின் சந்தைகள் பண்டிகைக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கானவை. பண்டிகை வந்ததும் அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. நூரன்பெர்க் சந்தையும் மியூனிக்கின் மரியன்பிளாட்ஸ் சந்தையும் 24 அன்று பிற்பகலிலேயே மூடப்பட்டுவிடும் என்பதால், 25 காலையில் நீங்கள் அங்கே போய் நின்றால் பூட்டிய பலகைக் கடைகளைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும். தவிர, ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டிலும் 24 பிற்பகலில் கடைகள் அடைக்கப்படும். 25, 26 இரண்டும் பொது விடுமுறை.

ஆகவே ஃபிராங்ஃபர்ட்டை விட்டுவிட்டு நேராக வியன்னாவுக்கு வாருங்கள். இங்கே நகரமன்றத்தின் முன்னுள்ள சந்தை 26 வரை நடக்கும். ஷோன்ப்ரூன் அரண்மனை முற்றத்துச் சந்தை அதன்பின் புத்தாண்டுச் சந்தையாகப் பெயர் மாறி ஜனவரி முதல் வாரம் வரை தொடரும். அதே அரண்மனைத் தோட்டத்தில் 1752-இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை ஆண்டின் எல்லா நாட்களிலும் திறந்திருப்பதால், மற்றவை அடைத்திருக்கும் 25 அன்று நான்கு வயதுப் பையனை அழைத்துப் போக அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பலரும் கணக்கில் கொள்ளாத ஒன்று உண்டு. நம் ஊர் நேரம் இங்கத்திய குளிர்கால நேரத்தைவிட நான்கரை மணி நேரம் முந்தியது. முதல் சில நாட்களுக்குப் பிள்ளைகள் விடியுமுன்னே எழுந்துகொண்டு மாலை ஆறு மணிக்கெல்லாம் தூங்கி விழுவார்கள். ஆனால் டிசம்பர் இறுதியில் மாலை நான்கு மணி சுமாருக்கே இருட்டிவிடுவதால், மூன்றரைக்குச் சந்தைக்குள் நுழைந்தால் விளக்குகள் ஏற்றப்படுவதையும் பார்த்துவிட்டு, கூட்டம் சேர்வதற்கு முன்பே அறைக்குத் திரும்பிவிடலாம். ஏழு மணிக்குப் போகலாம் என்று தள்ளிப் போட்டால் பையனைத் தோளில் சுமந்துகொண்டுதான் சுற்ற வேண்டியிருக்கும்.

மியூனிக் அம்மா

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆனாலும் தேர்வு அட்டவணையில் சிறிதளவேனும் இடம் இருக்குமானால், பள்ளியில் பேசி நான்கு நாள் முன்னதாகப் புறப்பட முயலுங்கள் என்பேன். நூரன்பெர்க்கில் பெரிய சந்தைக்கு அருகில், ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில், பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு சந்தை நடக்கிறது. ஈரடுக்கு ராட்டினம், சிறிய ராட்சதச் சக்கரம், குட்டி நீராவி ரயில் எல்லாம் உங்கள் மகன் வயதுக்கென்றே அமைந்தவை. பெரியவர்களுக்கான சந்தைகளில் அந்த உயரத்துக் குழந்தையின் கண்ணில் படுவதெல்லாம் மேலங்கிகளின் முதுகுதான். முன்கூட்டிப் புறப்பட வழியே இல்லையென்றால் நூரன்பெர்க்கை மறந்துவிடுங்கள்.

உடை பற்றியும் ஒரு வார்த்தை. மேலங்கிக்குச் செலவழிப்பதைவிடக் காலணிக்குச் செலவழிப்பது மேல். சந்தையில் நடப்பதைக் காட்டிலும் நிற்பதே அதிகம் என்பதால், கல் பாவிய தரையின் குளிர் அடிப்பாதம் வழியாகத்தான் ஏறும். தண்ணீர் புகாத, அடி தடித்த காலணியை ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கம்பளிக் காலுறையோடு போடுங்கள். சின்னவனின் கையுறைகள் இரண்டையும் நீளமான ஒரு நூலில் இணைத்து, அந்த நூலை மேலங்கியின் இரு கைகளுக்குள்ளும் ஓடவிட்டால் அவை தொலையா.

வினவியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தேர்வுத் தேதியை மாற்ற இயலாது. எனவே வியன்னாவில் தொடங்குகிறோம். மூன்று சந்தேகங்கள் எஞ்சியுள்ளன. விசா விண்ணப்பம் இப்போது எந்த நாட்டிடம் செல்ல வேண்டும்? குழந்தைகள் பனியைப் பார்த்ததே இல்லை. நகரத்திலேயே பனி இருக்குமா? நாங்கள் முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவர்கள். சந்தைகளில் எதைச் சாப்பிடலாம்?

ரயில் பிரியர்

அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசாவுக்கு (இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான விசா) விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஆகவே உங்கள் புதிய திட்டப்படி ஆஸ்திரியா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவருக்கு 90 யூரோ, மகளுக்கு 45 யூரோ. ஆறு வயது நிரம்பாத மகனுக்குக் கட்டணம் இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் தேவை.

சூரிச்சைக் கைவிடுங்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து, சந்தை முடிந்துவிட்ட, விலைவாசி மிகுந்த ஒரு நகரத்துக்குப் போய்ச் சேர்வதில் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. வியன்னாவில் நான்கு இரவு, சால்ஸ்பர்க்கில் மூன்று, மியூனிக்கில் ஒன்று என்று வைத்து அங்கிருந்தே ஊர் திரும்பலாம். வியன்னாவிலிருந்து சால்ஸ்பர்க் சுமார் இரண்டரை மணி நேரம். ரயில்ஜெட் என்னும் ஆஸ்திரிய விரைவு வண்டியில் குடும்பங்களுக்கான பகுதியில் குழந்தைகள் படம் பார்க்கச் சிறு திரை உண்டு. இருக்கையைத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்யாவிட்டால் பண்டிகை வாரத்தில் பெட்டிகளோடு நிற்க நேரும். சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் செல்ல பயர்ன் டிக்கெட் என்ற ஒருநாள் சீட்டு மலிவு. வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும், வேலை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லுபடியாகும். ஜெர்மன் எல்லையில் சோதனை நடப்பதால் கடவுச்சீட்டுகளைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

வியன்னாவாசி

நகரத்தில் பனி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வியன்னாவில் கிறிஸ்துமஸ் பெரும்பாலும் ஈரமும் சாம்பல் நிறமுமாகவே கழியும். பனிக்கென்று ஒரு நாளை ஒதுக்கி செம்மரிங் கணவாய்க்குப் போய்வாருங்கள். கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் என்பதால் அங்கே வாய்ப்பு அதிகம். சறுக்குவண்டிப் பாதையும் உண்டு. 1854-இல் திறக்கப்பட்ட அந்த மலை ரயில் பாதையின் கல் பாலங்களைக் கடந்து செல்லும் பயணமே மகளுக்குப் பிடித்துவிடும்.

சந்தையில் வறுத்த செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம், உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். சூப் என்றால் காய்கறிச் சூப்பாகவே இருந்தாலும் மாட்டிறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கைசர்ஷ்மாரன் என்னும் பிய்த்துப் போட்ட இனிப்புத் தோசை பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும். அதிலுள்ள உலர்திராட்சையைச் சில இடங்களில் ரம்மில் ஊறவைப்பார்கள். சூடான பானம் கேட்கும்போது குழந்தைகளுக்கு மது கலக்காத கிண்டர்புன்ஷ் என்றே சொல்லுங்கள். வெறும் புன்ஷ் என்றால் மது கலந்தது வரும். கோப்பைக்கு வாங்கும் முன்பணத்தை, கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது பெற்றுக்கொள்ளலாம்; மகள் கோப்பையை விடமாட்டேன் என்றால் அந்தத் தொகையை விட்டுவிட்டு வந்துவிடலாம்.

24 அன்று வந்திறங்கியதும் அறைக்குப் போகுமுன் இரண்டு நாளுக்கான பாலும் ரொட்டியும் பழமும் வாங்கிவிடுங்கள். காய்ச்சல் மருந்தை ஊரிலிருந்தே எடுத்துவருவது நல்லது. விடுமுறை நாட்களில் முறை வைத்துத் திறக்கும் மருந்துக்கடைகள் உண்டென்றாலும், உங்கள் விடுதியிலிருந்து அவை தொலைவில் இருக்கலாம்.