கொலீஜியம் அனுப்பிய பெயரை மத்திய அரசு கிடப்பில் போட முடியுமா?

வலங்கைமான் விவசாயி:
பயிர்க் காப்பீடு, ஹைட்ரோகார்பன் என்று டெல்டாவிலிருந்து ஐகோர்ட்டுக்கு எது போனாலும் எதிர்மனுதாரர் அரசுதான். அதே அரசு உத்தரவு போட்டால்தான் நீதிபதி நியமனமே. அப்புறம் நீதிபதிகளின் பெயரைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்துக்கு என்ன அதிகாரம்? பெயர் யார் யார் மேசைக்குப் போகும்?

கும்பகோணம் வக்கீல்:
சென்னை ஐகோர்ட் தலைமை நீதிபதியும் அடுத்த இரு மூத்த நீதிபதிகளும் பெயரை முடிவு செய்வார்கள். வக்கீலானால் குறைந்தது 10 வருட ஐகோர்ட் பிராக்டிஸ் வேண்டும். முதல்வர், கவர்னர் கருத்துக்கு 6 வாரம்; வராவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்று கருதி மேலே நகர்த்தலாம். பிறகு ஐ.பி. (மத்திய உளவுத் துறை) அறிக்கையோடு சுப்ரீம் கோர்ட்டின் மூவர் கொலீஜியம், சட்ட அமைச்சர், பிரதமர், ஜனாதிபதி. அரசு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் ஒருமனதாக மறுபடி வலியுறுத்தினால் நியமித்தே ஆக வேண்டும். சுப்ரீம் கோர்ட்டின் 1993 தீர்ப்பு அப்படி.

திருவாரூர் சட்ட மாணவி:
சார் சொன்னது சரி, ஆனால் அந்த "ஆக வேண்டும்" எத்தனை நாளைக்குள் என்று அரசியல் சட்டத்தில் இல்லை. அங்கேதான் பெயர் மாட்டிக்கொள்கிறது. 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் கெடு வைத்தது: ஐ.பி.க்கு 4 முதல் 6 வாரம், மறுபடி வலியுறுத்திய பெயருக்கு 3 முதல் 4 வாரம். மீறினால் என்ன என்று சொல்லவில்லை.

வக்கீல் ஜான் சத்யன் பெயர் 2022 பிப்ரவரியில் பரிந்துரையானது. பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தார் என்றது ஐ.பி. அது தகுதியைப் பாதிக்காது என்று 2023 ஜனவரியில் கொலீஜியம் மறுபடி வலியுறுத்தியது. அவருக்குப் பின்னால் பரிந்துரையானவர்கள் முந்திப் பதவியேற்றார்கள். நியமனம் தள்ளிப்போனால் சீனியாரிட்டி போகும். ஓய்வு வயதோ 62. மறுக்கவே வேண்டாம், ஃபைலைத் தொடாமல் வைத்திருந்தாலே போதும். இது அநியாயம்.

வலங்கைமான் விவசாயி:
அப்படியானால் கொலீஜியத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை சுப்ரீம் கோர்ட் ஏன் ரத்து செய்தது?

கும்பகோணம் வக்கீல்:
அதில் 6 பேர்: மூன்று நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள். யாராவது இருவர் எதிர்த்தால் பெயர் விழுந்துவிடும். நீதிபதிகள் மூவரும் ஒரே குரலில் சொன்னாலும் எடுபடாது. அதனால்தான் 2015 அக்டோபரில் 4க்கு 1 என்று ரத்தானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் கூடுதல் நீதிபதியாகத்தான் வருகிறார்கள், அதிகபட்சம் 2 வருடம். நிரந்தரமாக்கும் ஃபைலும் அதே சட்ட அமைச்சகம் வழியாகத்தான் போக வேண்டும். நிரந்தர உத்தரவு வரும்வரை அவர் முன் வரும் பல வழக்குகளிலும் எதிர்மனுதாரர் அரசுதான்.